ஏஎம் சர்க்யூட்டில் குரல் கரகரக்கிறதா? முதலில் எமிட்டரைப் பாருங்கள்

இங்கே டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் பழகும் பிள்ளைகள் ஒற்றை டிரான்சிஸ்டர் ஏஎம் சர்க்யூட்டை (குரலுக்கு ஏற்ப ரேடியோ அலையின் உயரத்தைக் கூட்டிக் குறைப்பது) பிரெட்போர்டில் கட்டிவிட்டு, குரல் கரகரத்ததும் ஆடியோ வால்யூமைத்தான் குறைக்கிறார்கள். கரகரப்பு கொஞ்சம் அடங்கும், காரணம் அப்படியே இருக்கும்.

நான் எடுத்துக்கொள்வது இது: பிசி 547 டிரான்சிஸ்டர் (கால்கள் பேஸ், எமிட்டர், கலெக்டர்), 9 வோல்ட் பேட்டரி, பேஸிலிருந்து பேட்டரி பிளஸுக்கு 47 கிலோஓம், தரைக்கு 10 கிலோஓம், எமிட்டரில் 1 கிலோஓம், கலெக்டரில் 100 மைக்ரோஹென்றி காயிலோடு 250 பிகோஃபாரட் (ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸ்). கேரியர் (குரலைச் சுமக்கும் 1 மெகாஹெர்ட்ஸ் அலை), ஆடியோ இரண்டுமே பேஸுக்கு வருகின்றன. ஆன்டெனா மாட்டாதீர்கள், லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்புவது இகாசா (தென்னாப்பிரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்கு ஆணையம்) விதிப்படி குற்றம், சோதனைக்கு அது தேவையும் இல்லை.

படி 1: ஆடியோவையும் கேரியரையும் கழற்றிவிட்டு மீட்டரை வையுங்கள். பேஸில் சுமார் 1.5 வோல்ட், எமிட்டரில் சுமார் 0.9 வோல்ட் வர வேண்டும். கலெக்டரில் முழு 9 வோல்ட் தெரிந்தால் பயப்பட வேண்டாம், காயில் டிசியைத் தடுக்காது.

படி 2: எமிட்டர் பைபாஸ் கெப்பாசிட்டர், அதாவது எமிட்டர் ரெசிஸ்டருக்கு இணையாகப் போடுவது. பெரும்பாலான கரகரப்பு இங்கேதான் பிறக்கிறது, ஆடியோ ஆம்ப்ளிஃபையர் கட்டிப் பழகிய கை தானாகவே 10 மைக்ரோஃபாரடை எடுத்துப் போட்டுவிடும். அது 1 கிலோஹெர்ட்ஸில் வெறும் 16 ஓம்தான். ஆடியோவுக்கு 1 கிலோஓம் எமிட்டர் ரெசிஸ்டர் இல்லாத மாதிரி ஆகிவிடும், அப்புறம் சில பத்து மில்லிவோல்ட் ஆடியோ வந்தாலே கரன்ட் நேர்கோட்டில் ஏறாமல் எகிறும், குரல் கெடும். 22 நானோஃபாரட் போடுங்கள். கேரியருக்கு அது 7 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ் ஆடியோவுக்கு 7 கிலோஓமுக்கு மேல். கேரியர் தரைக்குப் போகும், ஆடியோ எமிட்டர் ரெசிஸ்டர் மேலேயே நிற்கும்.

படி 3: போனிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் டோன் கொடுங்கள், பாட்டு வேண்டாம், பாட்டில் என்வலப்பின் (கேரியர் உயரம் ஏறி இறங்கும் வெளிக்கோடு) வடிவம் பிடிபடாது. கேரியர் பேஸில் 10 மில்லிவோல்ட் போதும். ஆசிலோஸ்கோப்பை ஆடியோவில் டிரிகர் செய்து, புரோபை பத்துமடங்கில் வைத்து கலெக்டரைப் பாருங்கள்.

என்வலப்பின் இடுப்பு ஒட்டிப்போய் நடுவில் கோடாகத் தெரிந்தால் ஓவர்மாடுலேஷன், அதாவது ஆடியோ அளவு மீறிவிட்டது. அப்போதுதான் ஆடியோவைக் குறைக்க வேண்டும், பேஸில் பீக் 0.5 வோல்ட் என்றால் மாடுலேஷன் 55 சதவீதம் அளவில் நிற்கும். மேடுகள் தட்டையாக இருந்தால் ஆடியோமேல் பழி போடாதீர்கள், கலெக்டரில் வோல்டேஜ் ஏறி இறங்க இடம் போதவில்லை என்று அர்த்தம். காயிலுக்குக் குறுக்கே 4.7 கிலோஓம் போட்டால் சரியாகும், ஆடியோவின் மேல் சுருதிகளும் வெட்டுப்படாமல் வரும்.

எல்லாம் சரியாக ஓடி, லோட்ஷெடிங் நேரத்தில் அதே பேட்டரியில் நெடுநேரம் ஓட்டியபின் மறுபடி கரகரத்தால் பேட்டரியை அளந்து பாருங்கள். 9 வோல்ட் 7 ஆக இறங்கினால் எமிட்டரில் 0.6 தான் மிஞ்சும். முன்பு தாங்கிய 0.7 வோல்ட் ஆடியோ இப்போது இடுப்பை வெட்டும், அப்போது பேட்டரியை மாற்றுங்கள், சர்க்யூட்டைக் கலைக்காதீர்கள்.