பைன்வுட் டெர்பி சக்கரம்: டிரில்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி

ஜனவரி வந்தா இங்க அமெரிக்காவுல கப் ஸ்கவுட் (சாரணர் இயக்கத்துல சின்ன பசங்க பிரிவு) பசங்க இருக்கிற வீட்டு கராஜ் எல்லாம் மரத்தூள் தான். பைன்வுட் டெர்பின்னா, பைன் கட்டையில செஞ்ச குட்டி கார சரிவான டிராக்ல ஓட விடுற அவங்க போட்டி. எங்க பேக்ல, அதாவது எங்க ஸ்கவுட் குழுவுல, ரேஸுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை ஒர்க்‌ஷாப் வைப்போம், ரம்பம், டிரில், உப்புத்தாள் எல்லாம் டேபிள்ல இருக்கும், புதுசா சேர்ந்தவங்க பசங்கள கூட்டிட்டு வருவாங்க. நம்மூர் ஆளுங்களும் நிறைய. வருஷா வருஷம் அதே கூத்து தான், நாங்க ஆரம்பத்துல அடிச்ச அதே கூத்து. பைன் கட்டைய பார்த்து பார்த்து செதுக்கி, பெயின்ட் அடிச்சு, ஸ்டிக்கர் ஒட்டி, சக்கரத்துக்கு மட்டும் கடைசி ராத்திரி அரை மணி நேரம்.

காருக்கு இன்ஜின் கிடையாது. எல்லாருக்கும் ஒரே சரிவு, எடை 5 அவுன்ஸுக்கு மேல போகக்கூடாது. அப்போ யாரு முன்னாடி வருவாங்கறது பெரும்பாலும் அந்த பிளாஸ்டிக் சக்கரமும் அது மாட்டி சுத்துற ஆணியும் உரசுற இடத்துல தான் முடிவாகுது. எடை பாருங்க, ரூல் ஷீட்ட படிங்க, இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடறேன்.

காய்ஞ்ச உப்புத்தாள், ஃபுல் ஸ்பீடு

இத பார்த்தா இன்னைக்கும் எனக்கு பத்திக்கிட்டு வரும்.

சக்கரம் தரையில ஓடுற பரப்புல, அச்சுல வார்த்தப்போ விட்ட ஒரு சின்ன மேடு இருக்கும், நகத்த வெச்சு சுத்துனா தட்டும். அத எடுக்கணும்தான். அதுக்கு மாண்ட்ரல்னு ஒரு கம்பி விக்குது, சக்கரத்த அதுல செருகி, டிரில்ல மாட்டி, சுத்த விட்டு தாள காட்டுறது. இது வரைக்கும் ஒரு தப்பும் இல்ல.

போன சீசன்ல ஒருத்தர், தங்கமான மனுஷன், டிரிகர முழுசா அழுத்தி, 220 நம்பர் தாள கட்டைவிரலால அமுக்கி புடிச்சுக்கிட்டு பையன்கிட்ட "பாருடா எப்படி ஷைன் ஆகுதுன்னு" பெருமையா காட்டிட்டு இருந்தார். நான் ரெண்டு டேபிள் தள்ளி நிக்கிறேன், பிளாஸ்டிக் கருகுற வாசம் வருது. போய் பார்த்தா தாள்ல கருப்பா பிசின் மாதிரி அப்பியிருக்கு. அது ஷைன் இல்ல சார், மேல் பரப்பு இளகி வழிஞ்சது. பையன் சக்கரத்த வாங்கி ஆணில போட்டு சுண்டினான், இறக்கை வளைஞ்ச சீலிங் ஃபேன் மாதிரி ஆடிட்டு நின்னுடுச்சு. அவரு அசரல, "பரவால்ல, ஸ்பேர் இருக்கு"ன்னு அடுத்த சக்கரத்த மாட்டி திரும்ப ஃபுல் ஸ்பீடு. நாலு சக்கரமும் காலி ஆனப்புறம் தான் டிரில்ல கீழ வெச்சார்.

நடக்குறது என்னன்னா, இந்த சக்கரம் பாலிஸ்டைரின் வகை பிளாஸ்டிக், 100 டிகிரி செல்சியஸ் கிட்ட போனாலே இளக ஆரம்பிச்சுடும், காய்ஞ்ச தாள வேகமா உரசுனா அந்த சூடு வர கொஞ்ச நேரம் போதும். இளகுன இடத்துல விரல் அழுத்தம் ஒரே மாதிரி விழாது, ஒரு ஓரம் அதிகமா தேயும், ஓடுற பரப்பு சாய்வாயிடும், அப்புறம் கார் நேரா போகாம டிராக் நடுவுல இருக்கிற பட்டைய இடிச்சு இடிச்சு போகும். அதோட நிறைய பேக்ல சக்கரத்தோட பரப்பு தட்டையா தான் இருக்கணும்னு ரூல் வேற, செக்-இன்ல, அதாவது ரேஸுக்கு முன்னாடி கார சோதிக்கிற இடத்துல, திருப்பி அனுப்பிட்டா ரேஸ் அன்னைக்கு காலைல புது சக்கரத்துக்கு எங்க போவீங்க? அந்த வாரம் பார்த்து தான் ஸ்கவுட் கடையில ஸ்டாக் இருக்காது.

செய்ய வேண்டியது ரொம்ப சுலபம், அதான் கடுப்பே. டிரில் மெதுவா. 400 நம்பர் தாள (நம்பர் ஏற ஏற தாள் நைஸா இருக்கும்) தண்ணில நனைச்சு, ஒரு தட்டையான மரத்துண்டுல சுத்தி, சும்மா தொட்டு எடுக்கணும். சில நொடி, நிறுத்து, நகத்த வெச்சு பாரு, திரும்ப தண்ணி. மேடு போச்சா, அவ்வளவுதான், 600, 1000-னு ஏறி முடிச்சுடுங்க. பளபளப்புக்கு யாரும் கப் தரமாட்டாங்க. இன்னொன்னு, மாண்ட்ரல்ல ஸ்க்ரூவ இறுக்குனா விரியுற டைப் உண்டு, அத ஓவரா இறுக்குனா ஓட்டை விரிஞ்சுடும், சக்கரம் கழண்டு வராம இருந்தா போதும்.

அந்த நாள் பூரா அந்த பையன் டிரில்ல தொடவே இல்லங்கறது தனி கதை. 1953-ல கலிஃபோர்னியா மன்ஹாட்டன் பீச்ல டான் மர்ஃபி இந்த போட்டிய ஆரம்பிச்சதே, சோப் பாக்ஸ் டெர்பில (பசங்க உள்ள உக்காந்து ஓட்டுற, இன்ஜின் இல்லாத கார் ரேஸ்) ஓட்ட வயசு பத்தாத தன் பையனுக்காகத்தான். ஈரத்தாள புடிக்கிற வேலைய எட்டு வயசு பையன் தாராளமா செய்வான், நீங்க டிரில்ல மட்டும் புடிங்க.

ஓட்டைய பெருசாக்குறது

லூஸா இருந்தா நல்லா சுத்தும்னு யாரோ சொல்லிட்டாங்க போல, டிரில் பிட்ட உள்ள விடுறாங்க. ஆணிக்கும் ஓட்டைக்கும் நடுவுல வேண்டிய இடைவெளி ஏற்கனவே இருக்கு, இன்னும் பெருசானா சக்கரம் ஆடத்தான் செய்யும். உள்பக்கம் வழவழப்பானா போதும். பைப் கிளீனர்ல கொஞ்சம் பிளாஸ்டிக் பாலிஷ் தொட்டு, கையால முன்னும் பின்னும் இழுங்க. அப்புறம் சோப்பு தண்ணில நல்லா கழுவி காய விடணும், கழுவாம விட்டா மிச்ச பாலிஷும், உரசல் குறைய பின்னாடி போடுற கிராஃபைட் பொடியும் சேர்ந்து சேறாயிடும்.

எண்ணெய்

வேண்டாம். தையல் மெஷின் எண்ணெயும் எண்ணெய் தான்.

ஓட்டைக்குள்ள பெயின்ட்

ஏங்க?

ஆணிய மறந்துட்டு சக்கரத்த மட்டும் பாக்குறது

கார் கிட் டப்பால வர்ற ஆணித்தலைக்கு அடியில பிசிறு இருக்கும், தண்டுல அழுத்துன தழும்பும் இருக்கும். அரத்தால எடுத்துட்டு, உப்புத்தாள்ல நைஸ் பண்ணாம மாட்டுனா நீங்க பாலிஷ் போட்ட ஓட்டைய அதுவே கீறிடும்.

கிராஃபைட்

செக்-இன் லைன்ல நின்னுக்கிட்டு டியூப்ப பிதுக்கிட்டு இருப்பாங்க. முந்தின நாளே போடணும். கொஞ்சம் போட்டு, சக்கரத்த சுத்தி விட்டு, திரும்ப கொஞ்சம் போட்டு, அது ஓட்டைக்குள்ள தேய்ஞ்சு படியணும். கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவுல ஒரு கிரெடிட் கார்டு நுழையற அளவு இடம் இருக்கான்னும் அப்பவே பார்த்துடுங்க, செக்-இன் முடிஞ்சா கார் உங்க கைக்கு வராது. கீழ பழைய பேப்பர் விரிச்சுக்கோங்க, கார்பெட்ல கொட்டுனா லேசுல போகாது.