யூரியா போடாத ஒரு பாத்தி: வயல் தானே தரும் தழைச்சத்தை அளப்பது எப்படி?

மண் பரிசோதனை அட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்று போட்டிருக்கும். அந்தச் சத்து பயிருக்கு எந்த வாரத்தில் வந்து சேரும் என்பது அட்டையில் இருக்காது. தண்ணீர் நிற்கும் நெல் வயலில் அதை முடிவு செய்வது சேற்றின் சூடும், மண் களியா மணலா என்பதும்தான். காவிரி டெல்டாவை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் சேற்றைக் கையால் கீறிப் பாருங்கள். மேலே சில மில்லிமீட்டர் பழுப்பு, அதற்குக் கீழே கருஞ்சாம்பல். கீழே காற்று இல்லை. நுண்ணுயிர்கள் மட்கை (மக்கிய இலை தழைப் பொருளை) சிதைத்து விடுவிக்கும் தழைச்சத்து அங்கே அம்மோனியமாகவே நிற்கும். பழுப்பு அடுக்கில் அது நைட்ரேட்டாக மாறும். அந்த நைட்ரேட் கீழே இறங்கினால் வாயுவாகிப் போய்விடும்.

1. பாத்தி கட்டுங்கள்

வயலின் நடுவில் 6 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து நல்ல வரப்பு போடுங்கள். யூரியா மட்டும் கிடையாது; மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) உண்டு. மணிச்சத்துக்கு சூப்பர் பாஸ்பேட் போடுங்கள். டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரம் போட்டால் கணக்கு கெட்டுவிடும், அதில் 18 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது. முதல் வருடம் மடைக்குப் பக்கத்திலேயே பாத்தி கட்டினேன். மேல் வயலின் யூரியாத் தண்ணீர் புகுந்து பாத்தி கரும்பச்சையாகிவிட்டது. "என் மண் தங்கம்" என்று ஒரு மாதம் பெருமையடித்ததுதான் மிச்சம்.

2. சேற்றின் சூட்டைப் பாருங்கள்

சாதாரண தெர்மாமீட்டரை ஒரு விரல் ஆழத்துக்குச் சேற்றில் செருகி, காலை 7 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் பார்த்துச் சராசரி எடுங்கள். சூடு 10 டிகிரி கூடினால் தழைச்சத்து விடுபடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஜப்பானில் 15 டிகிரிக்கு மேல் உள்ளதை நாள்தோறும் கூட்டிப் பார்க்கும் முறை உண்டு. நமக்கும் அது போதும். குறுவையில் (சூடான மாதங்களில் நடும் நெல் பட்டம்) சராசரி 30 என்றால் நாளுக்கு 15, முப்பது நாளில் 450. மார்கழியில் 24 என்றால் நாளுக்கு 9, முப்பது நாளில் 270 மட்டுமே.

குறுவையில் நாற்று வேர் பிடிப்பதற்குள்ளேயே மண் வேகமாகக் கொடுக்கத் தொடங்கிவிடும் என்பது இதன் பொருள். அந்த நேரத்தில் அடியுரமாக யூரியாவைக் கொட்டுவது வீண். குறுவைக்கு அடுத்து, மார்கழிக் குளிரிலும் நிற்கும் தாளடிப் பட்டத்தில் மண் மெதுவாகத்தான் கொடுக்கும். போதாக்குறைக்கு, குறுவை அரிதாளை (அறுத்தபின் நிற்கும் தாளை) ரொட்டாவேட்டரில் அடித்த மறுநாளே நட்டால், நுண்ணுயிர்கள் வைக்கோலைத் தின்ன மண்ணின் தழைச்சத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். பயிர் மஞ்சளாகும், பூச்சி என்று நினைத்து மருந்து அடிப்பவர்கள் உண்டு. ஆகவே தாளடியில் தொடக்கத்திலேயே கொஞ்சம் யூரியா கொடுப்பது தப்பில்லை. இரண்டு பட்டத்துக்கும் தனித்தனியாகப் பாத்தி வேண்டும்.

3. மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஈர மண்ணை உள்ளங்கையில் உருட்டி நாடாவாக இழுங்கள். நீளமாக வந்தால் களி. அதில் மட்கு அதிகம் தங்கும், அம்மோனியத்தையும் பிடித்து வைக்கும். உடனே உதிர்ந்தால் மணற்பாங்கு. பட்டுக்கோட்டைப் பக்கம் இப்படிப்பட்ட நிலம் உண்டு. அங்கே சத்து தண்ணீரோடு இறங்கிவிடும், யூரியாவைச் சின்னச் சின்னத் தவணையாகக் கொடுப்பதே நல்லது. கோடையில் காய்ந்து வெடித்த மண்ணில் தண்ணீர் விட்டதும் தழைச்சத்து ஒரே மூச்சில் கிளம்பும். மேட்டூர் திறந்து வரும் முதல் தண்ணீரில் பயிர் பச்சை கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

4. அறுத்து எடை போடுங்கள்

சுற்றிலும் அரை மீட்டர் விட்டுவிட்டு உள்ளே 5-க்கு 4 மீட்டர் அறுங்கள். அது 20 சதுர மீட்டர். காயவைத்த நெல் எடையை 200-ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு. உரம் போட்ட இடத்திலும் அதே அளவு அறுக்க வேண்டும். பாத்தியில் 6 கிலோ, வெளியே 11 கிலோ என்று வையுங்கள்: 1,200, 2,200. மண் தானே தந்தது முதல் எண், யூரியாவால் கூடியது வித்தியாசமான 1,000 கிலோ. ஒரு டன் கூடுதல் நெல்லுக்குச் சுமார் 40 முதல் 50 கிலோ தழைச்சத்து தேவை. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20.7 கிலோ. ஆக, ஏக்கருக்கு இரண்டு முதல் இரண்டரை மூட்டை.

அதை எந்த வாரம் போடுவது என்பதற்கு இலை வண்ண அட்டை இருக்கிறது; இலையோடு ஒப்பிட எண்ணிட்ட பச்சைப் பட்டைகள் கொண்டது, எண் கூடக் கூடப் பச்சை அடர்த்தி. நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், உடம்பு நிழலில் இலையை வைத்துப் பத்து இடங்களில் பாருங்கள். ஆறு இடங்களில் நிறம் 4-க்குக் கீழே போனால் யூரியா. வெள்ளைப் பொன்னிக்கு மட்டும் 3.