கவுன் போடும் முன் விட்டுவிட வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதம் கோர்ட் திறக்கும்போது வளாகத்தில் புதிய முகங்கள் தென்படும். சட்டப் படிப்பின் கட்டாயப் பயிற்சிக்காக வரும் மாணவர்கள் ஒரு பக்கம், அப்போதுதான் பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்ட ஜூனியர்கள் இன்னொரு பக்கம். எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்யத் தொடங்குவதற்குச் சில வாரங்கள் போதும். நீதிபதியை எப்படி விளிப்பது, எப்போது எழுந்து நிற்பது, கழுத்துப் பட்டையை எப்படிக் கட்டுவது என்பவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அந்தப் பிழைகள் ஒரு மாதத்தில் தாமாகச் சரியாகிவிடும். தாமாகச் சரியாகாதவை சில உண்டு. அவற்றுக்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் கட்சிக்காரர்தான்.

கோர்ட் நோட்டைப் பார்த்து எழுதுவது

இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் நேரடிப் பயிற்சி பெற வேண்டும். அதோடு ஒரு சிவில் வழக்கு, ஒரு கிரிமினல் வழக்கு ஆகியவற்றின் விசாரணையை நேரில் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும். அதற்கு 30 மதிப்பெண். நடப்பது என்ன? முந்தைய ஆண்டு மாணவரின் நோட்டு கைமாறுகிறது. அதே வழக்கு, அதே சாட்சி, அதே எழுத்துப் பிழை. என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவர் நீட்டிய நோட்டில், இடமாற்றலாகிப் போய் நான்கு ஆண்டுகள் ஆகிவிட்ட நீதிபதி இன்னும் அதே கோர்ட்டில் சாட்சி விசாரித்துக்கொண்டிருந்தார்.

30 மதிப்பெண்ணுக்காக நான் இதைச் சொல்லவில்லை. சாட்சிக் கூண்டில் ஒருவர் தடுமாறும்போது நீதிபதி அந்தப் பதிலை எந்தச் சொற்களில் தட்டச்சருக்குச் சொல்கிறார் என்பதைப் பாருங்கள். சாட்சி சொன்னது ஒன்றாகவும் பதிவானது சற்றே வேறாகவும் இருந்தால், அனுபவமுள்ள வக்கீல் அந்த நொடியிலேயே எழுந்து திருத்தச் சொல்வார். இதை எந்த வகுப்பிலும் கற்றுத்தர முடியாது. காலையில் வாய்தா போடுவதை மட்டும் பார்த்துவிட்டு கேன்டீனுக்குப் போய்விடாதீர்கள். சாட்சி விசாரணை சூடுபிடிப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

தேதி எண்ணத் தெரியாதது

எத்தனை ஆண்டுகள் ஆனாலும் இந்த ஒன்றை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

காசோலை வழக்கை எடுத்துக்கொள்வோம். பல ஜூனியர்களின் கைக்கு முதலில் வரும் வேலை இதுதான். கணக்கில் பணமில்லாமல் காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 138-வது பிரிவு. காசோலை திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால் வழக்குத் தொடரும் உரிமை பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். தேர்வில் இதை எழுதாத மாணவர் இல்லை.

ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர். கட்டட கான்ட்ராக்டருக்குக் கடனில் சிமென்டும் கம்பியும் கொடுத்து, நான்கு லட்சம் ரூபாய்க்குக் காசோலை வாங்கியிருந்தார். காசோலையில் இருந்த தேதி ஜனவரி 2. "கொஞ்சம் பொறுங்கள்" என்று கான்ட்ராக்டர் சொல்லிச் சொல்லி, மார்ச் மாதத் தொடக்கத்தில்தான் வங்கியில் போட்டார். கணக்கில் பணமில்லை என்ற மெமோ மார்ச் 6-ஆம் தேதி அவர் கையில் கிடைத்தது. நேராக ஒரு வக்கீல் அலுவலகத்துக்குப் போனார். வழக்குக் கட்டு அங்கிருந்த ஜூனியரிடம் வந்தது. மாதிரி நீதிமன்றப் போட்டிகளில் பரிசுகள் வாங்கியவர், நல்ல ஆங்கிலம். மூன்று பக்க நோட்டீஸை அடித்துத் திருத்தி, தீர்ப்புகளைச் சேர்த்து, மெருகேற்றிக்கொண்டே இருந்தார். ஏப்ரல் 6-ஆம் தேதி தபாலில் சேர்த்தார். மார்ச் 6 முதல் ஏப்ரல் 6 வரை ஒரு மாதம் என்பது அவர் கணக்கு.

சட்டம் நோட்டீஸுக்குச் சொல்வது 30 நாள், ஒரு மாதம் அல்ல. மார்ச் மாதத்துக்கு 31 நாட்கள். மார்ச் 7-ஐ முதல் நாளாக வைத்து எண்ணினால் முப்பதாவது நாள் ஏப்ரல் 5. ஒரே ஒரு நாள் தாமதம்.

அப்போது யாரும் கவனிக்கவில்லை. புகார் கோப்புக்கு எடுக்கப்பட்டது, சம்மன் போனது, எதிரியான கான்ட்ராக்டர் ஆஜராகாமல் இழுத்தடித்தார், வாய்தாக்கள் ஓடின. கடைக்காரர் கூண்டில் ஏறிய அன்று நானும் அந்தக் கோர்ட்டில் என் வழக்குக்காகக் காத்திருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் மெமோவைக் காட்டி, "இது உங்களுக்கு எந்தத் தேதியில் கிடைத்தது?" என்று கேட்டார். "மார்ச் ஆறு." தபால் ரசீதைக் காட்டி, "நோட்டீஸ் அனுப்பியது?" "ஏப்ரல் ஆறு." வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். கடைக்காரருக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. எதிரி விடுதலையானபோது, பணத்துக்காக சிவில் வழக்குப் போடுவதற்கான மூன்று ஆண்டுகளும் கடந்துவிட்டிருந்தன. சிமென்டு, கம்பி, நான்கு லட்சம், எல்லாம் போயிற்று.

நோட்டீஸில் கையெழுத்திட்ட சீனியருக்கும் இதில் சமபங்கு உண்டு. ஆனாலும் என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. அதே பிரிவை அந்த ஜூனியர் தேர்வில் பிழையில்லாமல் எழுதித் தேறியவர். எண்களை மனப்பாடம் செய்திருந்தார், ஆனால் காலண்டரை விரித்து விரல் வைத்து எண்ணவில்லை. அது குமாஸ்தா வேலை என்ற நினைப்பு சட்டக் கல்லூரியிலேயே உருவாகிவிடுகிறது.

தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போட முடியாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். பேர் ஆக்டை, அதாவது விளக்கவுரை இல்லாத சட்டப் புத்தகத்தை, திறந்து 142-வது பிரிவைப் படியுங்கள். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம் என்று அங்கே இருப்பது புகார் தாக்கல் செய்வதற்கு மட்டும்தான். நோட்டீஸுக்கு அந்தச் சலுகை கிடையாது. கைடுகளில் இவ்விரண்டும் ஒரே பத்தியில் கலந்து கிடக்கும். அதனால்தான் பேர் ஆக்டைப் படிக்கச் சொல்லி நான் தொண்டை வறளக் கத்துகிறேன்.

எண்ணும் முறையும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. காசோலை வழக்கில் முதல் நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் சொன்னது, 2013-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதையே உறுதி செய்தது. ஆனால் காவலில் இருப்பவருக்குக் குற்றப்பத்திரிகை கெடுவுக்குள் தாக்கலாகாததால் கிடைக்கும் ஜாமீனில், ரிமாண்ட் செய்யப்பட்ட நாளையும் சேர்த்தே 60 அல்லது 90 நாளை எண்ண வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அங்கே கெடு முடிந்தும் மனுப் போடாமல் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்து, அதற்குள் போலீஸார் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிட்டால், அந்த உரிமை போய்விடும். சிறையில் இருப்பவரின் மனைவிக்கு அதை எப்படி விளக்குவீர்கள்?

ஆகவே கட்டு கைக்கு வந்ததும், கட்சிக்காரர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தேதிவாரியாக எழுதுங்கள். மெமோவில் அச்சான தேதி ஒன்று, அது கையில் கிடைத்த தேதி இன்னொன்று, வங்கியிலிருந்து செல்போனுக்கு வந்த குறுஞ்செய்தியின் தேதி வேறொன்றாகவும் இருக்கலாம். மூன்றையும் கேளுங்கள். மூன்றில் எது முந்தியதோ அதிலிருந்து எண்ணிவிட்டால் பிறகு வம்பில்லை. கடைசி நாளையும் அதற்குப் பத்து நாள் முந்திய தேதியையும் டைரியில் சிவப்பு மையில் குறியுங்கள். நோட்டீஸ் அழகாக இருக்க வேண்டிய அவசியமில்லை. காசோலைத் தொகை சரியாக இருக்க வேண்டும், முகவரி சரியாக இருக்க வேண்டும், நாளுக்குள் தபாலில் சேர வேண்டும்.

மாதிரி நீதிமன்றக் கோப்பையை நம்புவது

மாதிரி நீதிமன்றப் போட்டியில் வழக்கின் நிகழ்வுகளை அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நம் கட்சிக்காரர் பாதியை மறைப்பார், மீதியை மறந்துவிடுவார். பொறுமையாகக் கேட்டு வாங்கும் பழக்கத்துக்குக் கோப்பை கிடையாது.

படிக்காத தீர்ப்பை மேற்கோள் காட்டுவது

மீண்டும் காசோலையே உதாரணம். நோட்டீஸ் கொடுத்து, குறித்த காலத்துக்குள் புகார் கொடுக்காமல் விட்டுவிட்டால், அதே காசோலையை மறுபடி வங்கியில் போட்டு அதை வைத்து வழக்குத் தொடர முடியாது என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. சென்னையிலிருந்து போன எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் 2012-இல் மூன்று நீதிபதிகள் அதை மாற்றிவிட்டார்கள். காசோலை செல்லுபடியாகும் காலத்துக்குள் இருந்தால் மறுபடி போடலாம், புதிதாக நோட்டீஸ் கொடுக்கலாம், வழக்கும் தொடரலாம். பழைய தீர்ப்பின் தலைக்குறிப்பை, அதாவது மேலே அச்சான சுருக்கத்தை, மட்டும் படித்துவிட்டு, "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று கட்சிக்காரரைத் திருப்பி அனுப்பும் ஜூனியர்களை இன்றும் பார்க்கிறேன்.

செயற்கை நுண்ணறிவுச் செயலி தரும் தீர்ப்புகளில் சில, உலகத்திலேயே இல்லாதவை. முழுத் தீர்ப்பையும் கண்ணால் பார்க்காமல் நீதிபதியின் முன் அதன் பெயரை உச்சரிக்காதீர்கள்.

பத்திரத் தமிழ் தெரியாதது

ஆங்கில வழியில் படித்த நல்ல மாணவர்கள் பலர், கிரையப் பத்திரத்தின் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள். பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, நான்கெல்லை, பாத்தியதை, விடுதலைப் பத்திரம் என்ற சொற்கள் புரியாமல் சொத்து வழக்கு நடத்த முடியாது. மாவட்ட கோர்ட்டுகளில் சாட்சியம் பதிவாவது தமிழில். உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கும் பத்திரத்தை எடுத்து அட்டவணைச் சொத்து விவரம் வரை வாய்விட்டுப் படியுங்கள். புரியாத சொல்லுக்கு வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். நிலத்தின் எல்லையை அவர்கள் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். நாளை உங்கள் சாட்சி கூண்டில் நின்று அப்படித்தான் பேசுவார்.

குமாஸ்தாவிடம் கேட்க வெட்கப்படுவது

வெட்கப்படாதீர்கள், கேளுங்கள்.

பழைய சட்டத்தை மூட்டை கட்டுவது

2024 ஜூலை 1-இல் பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்துவிட்டாலும், அதற்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான். அந்த வழக்குகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும்.

அலுவலகத்தின் அளவைப் பார்த்து சீனியரைத் தேர்ந்தெடுப்பது

பெரிய பெயர்ப்பலகை, குளிரூட்டிய அறை, பத்துப் பதினைந்து ஜூனியர்கள். அப்படிப்பட்ட இடத்தில் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பதிலேயே இரண்டு ஆண்டுகள் ஓடிவிடலாம். சாட்சி விசாரணை தாமே நடத்தும் சீனியரைத் தேடுங்கள். தாலுகா கோர்ட்டில் இருந்தாலும் பரவாயில்லை. ஜூனியர் எழுதும் பிராதை, அதாவது வழக்கு மனுவை, அவர் சிவப்பு மையால் அடித்துத் திருத்தித் தருகிறாரா என்று அங்கே ஏற்கெனவே இருக்கும் ஜூனியரிடம் விசாரியுங்கள்.

உதவித்தொகையைப் பற்றியும் முதல் நாளே பேசுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணத்தால், வீட்டிலிருந்து பணம் வர வழியில்லாத எத்தனையோ நல்ல பிள்ளைகள், குறிப்பாகப் பெண்கள், இரண்டாம் ஆண்டிலேயே கோர்ட்டை விட்டுப் போய்விட்டார்கள். சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எல்லா அலுவலகங்களிலும் இது நடைமுறையில் இல்லை. அந்தத் தொகை கிடைக்காவிட்டாலும், எவ்வளவு, எந்தத் தேதியில் என்பதைத் தெளிவாகப் பேசி முடிவு செய்துகொண்டு வேலையில் சேருங்கள்.