மார்கழிப் பூக்களைச் சொம்பில் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி பிறந்துவிட்டால் கொங்குப் பக்கம் வாசலுக்கு வாசல் சாணிப் பிள்ளையார், தலையில் பூசணிப்பூ. தோட்டத்தில் செவ்வந்தி, செண்டுமல்லி, கோழிக்கொண்டை, டிசம்பர் பூ எல்லாம் பூத்துக் கிடக்கும். நாலு கொத்து வெட்டிப் பித்தளைச் சொம்பில் வைத்தால் திண்ணையே எடுப்பாகிவிடும். ஆனால் பல வீடுகளில் மறுநாளே பூ தலை தொங்கிவிடுகிறது. தொடுப்பதற்கும் சாமிக்குப் போடுவதற்கும் பறித்துப் பழகிய கை, சொம்புக்கும் அப்படியே பறிப்பதுதான் காரணம்.

முதல் தவறு, காம்பில்லாமல் கிள்ளுவது. சொம்புக்கு ஒரு சாண் காம்பாவது வேண்டும். நகத்தால் கிள்ளினால் காம்பு நசுங்கிவிடும், தண்ணீர் சரியாக ஏறாது. கூரான கத்தியால் சாய்வாக வெட்டி, அங்கேயே பக்கெட் தண்ணீரில் போடுங்கள். மடியில் கட்டிக்கொண்டு தோட்டம் முழுக்கச் சுற்றினால் வெட்டுவாய் வழியாகக் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். அப்படி ஆகிவிட்டால், அடியில் ஒரு விரற்கடை வெட்டிவிட்டுத் தண்ணீரில் வையுங்கள்.

அடுத்தது மொட்டு விஷயம். சத்தியமங்கலத்து மல்லியை மொட்டாகத்தான் பறிப்பார்கள், பொழுது சாய்ந்ததும் தானாக மலரும். அதே கணக்கைச் செவ்வந்திக்குப் போட்டால் மொட்டு மொட்டாகவே வாடும். செவ்வந்தியும் செண்டுமல்லியும் நன்றாக விரிந்த பிறகே வெட்ட வேண்டியவை. சம்பங்கி அப்படியில்லை. தண்டின் அடியில் இரண்டு மூன்று பூ விரிந்ததும் வெட்டலாம், மேலே இருப்பவை ஒவ்வொன்றாக விரியும். செம்பருத்தியை விட்டுவிடுங்கள், அதற்கு ஆயுசே ஒரு நாள்தான்.

பனி சொட்டச் சொட்டப் பறித்து நெருக்கி வைத்தால் செவ்வந்தி இதழ் கறுத்து அழுகும். பனி உலர்ந்ததும், வெயில் ஏறுவதற்குள் வேலையை முடியுங்கள்.

தழை ஒடிப்பதிலும் கவனம் வேண்டும். மாந்தளிர் பார்க்க அழகு, ஆனால் சீக்கிரம் துவண்டுவிடும். முற்றிய இலைதான் நிற்கும். அதையும் கொப்பு நுனியோடு ஒடிக்காதீர்கள். மார்கழி, தையில் மா பூவெடுப்பது அந்த நுனியில்தான். சொம்பை நிரப்பப் போய்ச் சித்திரையில் மாங்காய் குறையும்.

தண்ணீருக்குள் இலை முங்கக் கூடாது. செண்டுமல்லி இலை ஊறினால் ஒரே நாளில் நாற்றம் எடுக்கும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். பொங்கலுக்கு வாங்கிய வாழைத்தார் பக்கத்திலேயே பழுத்துக்கொண்டிருந்தால் சொம்பைத் தள்ளி வையுங்கள், பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் உதிர்த்துவிடும்.

போகிக்குக் காப்புக் கட்டியது போக மிஞ்சிய பூளைப்பூவைத் தண்ணீரில் ஊறப் போட வேண்டாம். வெறும் சொம்பிலேயே காய்ந்து பல நாள் அப்படியே நிற்கும். வாடாமல்லியும் இந்த ரகம்தான். ஆவாரம்பூ அப்படி நிற்காது, உதிர்ந்துவிடும்.

கடைசியாக அரளி. பூ, இலை, தண்டு அத்தனையும் விஷம், வைத்த தண்ணீரும் விஷம்தான். தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் அது வேண்டவே வேண்டாம். வெட்டிக் கழித்த அரளித் தழையை ஆட்டுப்பட்டி ஓரம் வீசாமல், ஆடு மாடு வாய் வைக்காத இடத்தில் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.