வாக்குத்தத்த அட்டையிலிருந்து முழு நிருபத்துக்கு

ஒரு புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் (அந்த வருடத்துக்கென ஒரு வேதவசனம் அச்சிட்ட அட்டை) இருந்தது பிலிப்பியர் 4:13. "எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு." தேர்வு, வேலை, கடன் எல்லாவற்றுக்கும் அதையே சொல்லி ஜெபித்தேன். நடக்காதபோது விசுவாசமே ஆட்டங்கண்டது. அப்படித்தான் பல வருடங்கள் வேதத்தைத் துண்டு துண்டாக வாசித்திருக்கிறேன்.

பிறகு முறையை மாற்றினேன். பிலிப்பியர் என்பது பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய நிருபம், அதாவது கடிதம்; மொத்தம் 4 அதிகாரம், 104 வசனம். ஒரே மூச்சில் வாசிக்கலாம். ஒரு மாதம் தினமும் விடியற்காலையில் முழு நிருபத்தையும் வாசித்தேன், சில நாள் சத்தமாக. 'சந்தோஷம்' வரும் இடமெல்லாம் பென்சிலால் கோடிட்டேன். இரண்டாம் வாரத்தில்தான் உறைத்தது: இதை எழுதிய பவுல் கட்டுகளில், அதாவது காவலில், இருக்கிறார்! அவருக்கு உதவி கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்து சாகும் அளவுக்கு வியாதிப்பட்டவர். அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். முன்பு அதே பிலிப்பி பட்டணத்துச் சிறையில் பவுலும் அவரோடு ஊழியம் செய்த சீலாவும் நடுராத்திரியில் பாடினார்கள்.

என் வசனத்துக்குச் சற்று முன்னால், 11, 12-இல், பட்டினியிலும் திருப்தியிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டதாகப் பவுல் சொல்கிறார். 'எல்லாவற்றையும்' என்பதில் அந்தப் பட்டினியும் உண்டு. அன்று அழுதேன்.

இப்போது யாக்கோபு நிருபத்தை வாசிக்கிறேன், அதே பென்சிலோடு.