எடை, உணவு, புராஸ்டேட் புற்றுநோய்: புதிய ஆலோசகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பிரிவில் அண்மையில் பயிற்சிக்குச் சேர்ந்த உணவியல் மாணவி ஒருவர், நோயாளியின் கோப்பில் ‘உடல் நிறை எண் 34, பி.எஸ்.ஏ. 3.1, இயல்பு, எடைக்கும் புராஸ்டேட்டுக்கும் நேரடித் தொடர்பில்லை’ என்று எழுதியிருந்தார். பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பி இரத்தத்தில் விடும் ஒரு புரதம்; அதன் அளவு உயர்ந்தால் புற்றோ என்று சந்தேகிப்பார்கள். 34 என்ற உடல் நிறை எண் பருமனைக் குறிக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய வரியையே யாரோ படியெடுத்து வைத்ததுபோல் இருந்தது. எண்ணெயைக் குறையுங்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள் என்பன போன்றவற்றை இங்கே விளக்கப் போவதில்லை. அவற்றை அறியாதவர் இத்துறைக்கு வருவதில்லை. நன்றாகப் படித்தவர்களே செய்யும் தவறுகள் சில உண்டு; அவற்றைப் பற்றியே எழுதுகிறேன்.

எல்லாப் புராஸ்டேட் புற்றையும் ஒன்றாக எண்ணுவது

மாணவி எழுதிய வரி முழுப் பொய்யாக இருந்திருந்தால் எளிதில் அடித்துவிடலாம். புராஸ்டேட் புற்றுநோயாளிகள் அனைவரையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பார்த்தால், பருமனானவர்களுக்கு அது அதிகமாக வருவதாகத் தெளிவாகத் தெரியாது. மெதுவாக வளரும் ஆரம்பநிலைப் புற்று அவர்களிடம் சற்றுக் குறைவாகவே கண்டறியப்படுவதாகச் சொல்லும் ஆய்வுகளும் உள்ளன. ஆனால், முதியவர் ஒருவரின் சுரப்பியில் ஒரு தொல்லையும் தராமல் கிடந்து, அவர் வேறு காரணத்தால் இறக்கும்வரை வெளியே தெரியாமல் போகிற புற்றும், எலும்புக்குப் பரவி உயிரைக் குடிக்கிற புற்றும் பெயரளவில்தான் ஒன்று. இரண்டையும் பிரித்துக் கணக்கிட்டால் எடையின் பங்கு தெரியவருகிறது. 8 ஐரோப்பிய நாடுகளில் ஏறக்குறைய 1,42,000 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, இடுப்புச் சுற்றளவு 10 செ.மீ. கூடுதலாக இருந்தவர்களுக்கு இந்நோயால் இறக்கும் அபாயம் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது.

அப்படியானால் பருமனானவர்களிடம் பி.எஸ்.ஏ. பொதுவாகக் குறைவாகக் காணப்படுவது ஏன்? பெரிய உடலில் இரத்த நீர்மத்தின் அளவும் அதிகம். சுரப்பி அதே அளவு பி.எஸ்.ஏ.-வை வெளியிட்டாலும், அது கூடுதலான நீர்மத்தில் கலந்து நீர்த்துப்போவதால் அறிக்கையில் வரும் எண் சிறுத்துவிடுகிறது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் தரவுகளைக் கொண்டு 2007-இல் வெளியான ஆய்வு ஒன்றில், உடல் நிறை எண் 35-க்கு மேற்பட்டவர்களின் நீர்ம அளவு இயல்பான எடையுள்ளவர்களைவிட 20 சதவீதத்துக்கும் கூடுதலாக இருந்தது. பி.எஸ்.ஏ. சுரப்பைத் தூண்டும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பருமனானவர்களுக்குக் குறைவாக இருப்பதும், சுரப்பி பெரிதாக இருந்தால் சோதனைக்குத் திசு எடுக்கும் பயாப்ஸி ஊசி புற்றுள்ள இடத்தைத் தவறவிடக்கூடும் என்பதும் இத்துடன் சேர்கின்றன. ஆக, ‘குறைவாகக் கண்டறியப்படுகிறது’ என்பதை ‘குறைவாக வருகிறது’ என்று வாசித்துவிடுகிறோம்.

நான் அப்படி வாசித்தவன். அறுபதைக் கடந்த ஒருவர், நாற்காலியின் கைப்பிடிகள் இடிக்க நெருக்கியடித்து உட்கார்ந்து, தம் அறிக்கையை மேசைமேல் விரித்து வைத்தார். பி.எஸ்.ஏ. 3.4 என்றிருந்த இடத்தில் பச்சை மையால் வட்டமிட்டு, ‘இதைப் பற்றிக் கவலை வேண்டாம், உங்கள் எடை சர்க்கரைக்குத்தான் கேடு, இதற்கில்லை’ என்றேன். அவர் மகிழ்ந்து போனார், மறுபரிசோதனைக்கு வரவில்லை. இரண்டாண்டு கழித்து இடுப்பெலும்பு வலியோடு வந்தபோது, அதே தாளை அந்தப் பச்சை வட்டத்தோடு பத்திரமாக மடித்துக் கொண்டுவந்திருந்தார். என் ஒரு சொல்லால்தான் நோய் முற்றியது என்று நான் சொல்லவில்லை; ஆயினும், பி.எஸ்.ஏ.-வைப் பற்றிப் பேசும் அதிகாரம் எனக்கு யார் கொடுத்தது என்ற எரிச்சல் இன்றும் தீரவில்லை.

இதைப் படித்துவிட்டு, பருமனானவரின் எண்ணை நீங்களே இத்தனை சதவீதம் கூட்டித் திருத்தவும் முனையாதீர்கள். வயது, குடும்ப வரலாறு, சுரப்பியின் அளவு, முந்தைய எண்கள் ஆகியவற்றோடு சேர்த்து அதை எடைபோட வேண்டியவர் சிறுநீரகவியல் மருத்துவர். உயரத்தையும் எடையையும் இடுப்புச் சுற்றளவையும் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி அவருக்கு அனுப்புவது உங்கள் வேலை.

மாத்திரையை உணவின் சாறு என்று நினைப்பது

செலீனியம் என்னும் தாதுவும் வைட்டமின் ஈ-யும் இந்நோயைத் தடுக்கும் என்று ஒருகாலத்தில் நம்புவதற்கு நியாயம் இருந்தது. ஃபின்லாந்தில் புகைப்பிடிப்பவர்களிடம் நடந்த ஆய்வில் வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு நோய் 32 சதவீதம் குறைந்திருந்தது. அதைச் சோதிக்கவே 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களைக் கொண்டு 2001-இல் ‘செலக்ட்’ ஆய்வு தொடங்கியது. பலனில்லை என்று தெரிந்து 2008-இல் மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. 2011-இல் மீண்டும் கணக்கிட்டபோது, வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் 17 சதவீதம் கூடியிருந்தது. ‘எடுத்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை’ என்ற வாய்ப்பாட்டை அத்துடன் விட்டொழித்திருக்க வேண்டும். அதைப் பிறர் சொல்ல இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

தக்காளி

தக்காளி இந்நோயைத் தடுக்கும் என்பார்கள். உண்ணலாம், மருந்தன்று.

காய்கறி மிகுத்தால் நோய் நின்றுவிடும் என்பது

உடனடிச் சிகிச்சையின்றிக் கண்காணிப்பில் இருந்த 478 பேரைக் கொண்டு நடத்தி 2020-இல் வெளியான ஆய்வில், இரண்டாண்டுகள் காய்கறியைப் பெருமளவு கூட்டியும் நோய் முன்னேறுவது குறையவில்லை. காய்கறியைப் பரிந்துரைக்க இதயமும் சர்க்கரையும் போதுமான காரணங்கள். கண்காணிப்பில் உள்ளவர் அதை நம்பி அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் அந்தப் பரிந்துரையே தீங்காகிவிடும்.

எடை மாறவில்லை என்று திருப்தியடைவது

புற்றை வளர்க்கும் ஆண் ஹார்மோனை அடக்கும் ஹார்மோன் தடுப்புச் சிகிச்சை பெறுபவருக்குத் தசை கரைந்து கொழுப்பு சேர்வதால், எடைகாட்டும் கருவி மாதக்கணக்கில் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். அளவு நாடாவை எடுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று கேட்காதீர்கள். எழச் சொல்லிப் பாருங்கள்.

பாலை நிறுத்தச் சொல்வது

பாலும் மிகையான கால்சியமும் அபாயத்தைக் கூட்டக்கூடும் என்பதற்கான சான்று வலுவானதன்று. ஹார்மோன் சிகிச்சையோ எலும்பைத் தேய்க்கும் என்பது உறுதி; அதைப் பெறுபவரிடம் பாலை நிறுத்தச் சொன்னால் எலும்புக்கு வேண்டிய கால்சியத்தையே பறிக்கிறீர்கள்.