ஊர்ப்புற ஃபயர் பிரிகேடில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: முதல் கோடைக்குள் பழக வேண்டியவை

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்போர்னைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் குடியேறிவிட்டீர்கள் என்றால், அங்கே தீப்பிடித்தால் டேங்கரில், அதாவது தண்ணீர்த் தொட்டி உள்ள தீயணைப்பு வண்டியில், வருவது பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரர்கள்தான். பள்ளி ஆசிரியர், பால்பண்ணைக்காரர், மெக்கானிக் என்று ஆளுக்கொரு வேலை இருக்கும், சம்பளம் இல்லாமல் கன்ட்ரி ஃபயர் அத்தாரிட்டியில், அதாவது சி.எஃப்.ஏ.வில், சேர்ந்திருப்பார்கள். நம் ஆட்களும் சேர வேண்டும் என்பது என் ஆசை. ஊரோடு ஒட்டுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சேருவது கடினமில்லை. ட்ரெயினிங் நடக்கும் மாலையில் நேராக ஸ்டேஷனுக்குப் போய்ப் பேசுங்கள், விண்ணப்பமும் போலீஸ் செக்கும் அப்புறம் தானாக நடக்கும். ஆனால் அடிப்படைப் பயிற்சியை முடிக்காமல் யாரும் உங்களைத் தீக்கு அழைத்துப் போகமாட்டார்கள். அந்த மாதங்களை வீணாக்காதீர்கள். டேங்கரின் எந்தக் கதவுக்குப் பின்னால் எந்தச் சாமான் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குப் பழகுங்கள், பம்பை ஸ்டார்ட் செய்யுங்கள், நிறுத்துங்கள், திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். இரவு இரண்டு மணிக்குப் புகைக்குள் நிற்கும்போது அங்கே யாருக்கும் சொல்லிக்கொடுக்க நேரம் இருக்காது.

தீயணைப்புக்கு அழைக்கும் கருவியான பேஜர் அடித்தால் உங்கள் காரில் பறக்காதீர்கள். சைரன் டேங்கருக்குத்தான், உங்கள் சொந்தக் காருக்குச் சாலை விதி வழக்கம்போலத்தான். பீர் குடித்திருந்தால் போகவே வேண்டாம். தீயணைப்பு உடைக்குள் பாலியஸ்டர் போடாதீர்கள், சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிவிடும். பருத்தி அல்லது கம்பளி நல்லது. அழைப்பு எல்லாமே காட்டுத்தீயாகவும் இருக்காது. சாய்ந்த மரம், கார் விபத்து, காரணமில்லாமல் அடித்த அலாரம் என்று பலதும் வரும்.

இனி முக்கியமான விஷயம்: காற்றும் தண்ணீரும். விக்டோரியாவின் மோசமான கோடை நாட்களில் உள்நாட்டிலிருந்து சூடான வடக்குக் காற்று அடிக்கும், தீ அதன் போக்கில் நீளமாக, ஒல்லியாகத் தென்கிழக்கே ஓடும். பிறகு தென்மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று வரும். வெக்கை குறைந்ததே என்று ஊர் மூச்சுவிடும் அந்த நேரம்தான் ஆபத்து, ஏனென்றால் அதுவரை அடங்கி எரிந்த நீண்ட பக்கவாட்டு முழுவதும் ஒரே நேரத்தில் தீயின் முகப்பாக மாறி வடகிழக்கே பாயும். 1998 டிசம்பர் 2 அன்று விக்டோரியாவின் லிண்டன் என்ற ஊரில் அப்படித்தான் நடந்தது. தண்ணீர் நிரப்பப் போய்க்கொண்டிருந்த ஜீலாங் வெஸ்ட் பிரிகேடின் டேங்கரைக் காற்று மாறியபோது தீ சூழ்ந்தது, அதில் இருந்த ஐந்து தன்னார்வலர்களும் இறந்தார்கள். அதனால்தான் தொட்டியைக் கடைசிச் சொட்டு வரை காலி செய்யக்கூடாது என்று பிரிகேடில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். க்ரூவைக் காக்க எப்போதும் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருக்க வேண்டும். அளவுமானியைப் பார்த்துக்கொண்டே இருங்கள், குறைவதைக் கண்டால் சத்தமாகச் சொல்லுங்கள், புதியவர் என்று தயங்காதீர்கள். எங்கே நின்றாலும் ஏற்கெனவே எரிந்து கறுத்த நிலம் எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்க வேண்டும், ஒதுங்க அதுதான் இடம். மேட்டில் ஏறும் தீ ஒவ்வொரு 10 டிகிரி சரிவுக்கும் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகம் எடுக்கும், அதனால் தீக்கு மேலே சரிவில் நிற்க நேர்ந்தால் உடனே க்ரூ லீடரிடம் கேளுங்கள்.

தீ போன பிறகுதான் உங்களுக்கு நிஜமான வேலை. மணிக்கணக்காகக் கட்டைகளைப் புரட்டி, கிளறி, நனைக்க வேண்டும். கையுறையைக் கழற்றிப் புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுபோனால் உள்ளே சூடு இருக்கிறதா என்று தெரியும். ஆனால் தொடாதீர்கள். அடிக்கடி தலையை நிமிர்த்திப் பாருங்கள், உள்ளே குடைந்து எரிந்த யூகலிப்டஸ் சில நேரம் சத்தமே இல்லாமல் விழும். முடித்து வந்ததும் ஹோஸையும் உடைகளையும் கழுவுவதில் முதலில் நில்லுங்கள். கரி அப்பிய உடையை வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ கொண்டுபோக வேண்டாம், புற்றுநோய் தரும் பொருள்கள் அதில் ஒட்டியிருக்கும்.

அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இப்படிப்பட்ட அவசரப் பணிக்குச் சம்பளமில்லா விடுப்பு எடுக்க ஃபேர் வொர்க் என்ற ஆஸ்திரேலியத் தொழிலாளர் சட்டம் இடம் தருகிறது. விபத்தில் பார்த்த காட்சி தூங்கவிடவில்லை என்றால் பிரிகேடிலேயே பேச ஆள் இருக்கிறார்கள், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் வீடு. மோசமான நாளில் நீங்கள் டேங்கரில் இருப்பீர்கள், வீட்டில் இருக்கமாட்டீர்கள். பிள்ளைகளையும் அம்மாவையும் யார் எத்தனை மணிக்குக் கிளப்புவது, எந்தச் சாலை, யார் வீட்டுக்கு, பாஸ்போர்ட் எங்கே என்று நவம்பருக்குள் உட்கார்ந்து எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். அதை முடிக்காமல் பேஜரை இடுப்பில் மாட்டாதீர்கள்.